முகத்துவாரத்தில் நிற்பவருக்கு எவ்வளவு மீன்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். வழக்கம்போல ஒரு சரித்திரக் கதைதான். ஆனால் இந்தத் தடவை, கடைசியில், வகுப்பறையில் நான் பல வருடம் செய்த ஒரு தவறையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறாள். ஜூலை மாதம் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கடலோரமாகவே காரில் வடக்கு நோக்கிப் போனோம். மாநிலத்தின் வடகோடியில், ஆரிகன் மாநில எல்லைக்குச் சற்று முன்பாக, கிளாமத் என்றொரு ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. அந்த இடத்தில் ரெக்வா என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டி உயரமான ஒரு குன்று. மேலே ஏறி நின்றால் ஆறு, மணல் திட்டு, அலை, கடல் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன. நான் கொள்ளிடக் கரையில் பிறந்து வளர்ந்தவள். எந்த ஊரானாலும் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்தால் கால் அங்கேயே நின்றுவிடும்.

மணல் திட்டில் கடல்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அலைக்கு அப்பால் கடலில் சிவப்பும் மஞ்சளுமாக மூன்று புள்ளிகள். ஏதோ மிதவை என்று நினைத்தேன். மருமகன் தொலைநோக்கியைக் கொடுத்து, "ஆள் இருக்காங்க அத்தை. கயாக்கில் உட்கார்ந்து சால்மன் பிடிக்கிறாங்க" என்றார்.

மருமகனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வீட்டுக் கொட்டகையில் ஒரு கயாக் தொங்குகிறது. பன்னிரண்டடி நீளம், ஒரு ஆள் அகலம். உள்ளே இறங்கி உட்காரும் படகு இல்லை. மேலேயே உட்காருவது. அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். மேலே ஏறும் அலைத்தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தானே கடலுக்குப் போய்விடுகிறது. "இது நம்ம கட்டுமரம் மாதிரிதானே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது ஒரு வகைப் படகு. வந்த தண்ணீரை வழியவிட்டு மிதப்பது இன்னொரு வகை. நம் மீனவர்கள் கட்டுமரத்தில் செய்தது இரண்டாவது. ஆங்கிலத்தில் கேட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரியும்.

கயாக்குக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. அது வடதுருவத்தை ஒட்டி வாழும் மக்களின் படகு. கடலில் அடித்து வரும் மரத்துண்டுகளால் சட்டம் கட்டி, அதன்மேல் கடற்சிங்கத்தின் அல்லது கடல்நாயின் தோலை இழுத்துத் தைப்பார்கள். அலாஸ்காவின் அலூட் தீவுக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ரஷ்ய வணிகக் கம்பெனி அவர்களைப் பிடித்து வேலை வாங்கியது. 1806 இல் வின்ஷிப் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் அந்த அலூட் வேட்டைக்காரர்களையும் அவர்களுடைய தோல் படகுகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு இதே வடகலிபோர்னியக் கரைக்குக் கடல் நீர்நாய் வேட்டைக்கு வந்தார். ரோமத்துக்காக நடந்த வேட்டை அது. அந்தக் கடலில் அன்று இருந்த நீர்நாய்க் கூட்டம் சில பத்து வருடங்களில் ஏறக்குறைய இல்லாமலே போனது. கயாக் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். இன்று அதே வடிவம் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிப்பவர்கள் கைக்கு வந்திருக்கிறது.

சரி, மீன் பிடிக்கிற விதத்தைச் சொல்கிறேன். நெத்திலி மாதிரியான சிறு மீனைத் தூண்டில் முள்ளில் கோத்து, ஈயக் குண்டு கட்டி ஆழத்தில் இறக்குகிறார்கள். பிறகு மெல்லத் துடுப்புப் போட்டபடி இழுத்துக்கொண்டே போகிறார்கள். அடிபட்ட மீன் தடுமாறுவதுபோல் இரை சுழன்று வரவேண்டும். சால்மன் கவ்வினால் கயாக்கையே சிறிது தூரம் இழுத்துப் போகும். கடல்நீர் கோடையிலும் எலும்பைத் துளைக்கும் குளிர். கவிழ்ந்தால் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும். அதனால் குளிர் தாங்கும் உடையும் மிதவைச் சட்டையும் இல்லாமல் விவரம் தெரிந்தவர் யாரும் இறங்குவதில்லை. ஆறும் கடலும் மோதும் மணல் திட்டுப் பக்கம் போவதும் இல்லை. அங்கே அலை எப்போது எழும், எந்தப் பக்கம் புரட்டும் என்று சொல்ல முடியாது.

மீன் ஏன் முகத்துவாரத்தை ஒட்டியே கிடைக்கிறது? சால்மன் ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கல்லுக்கு இடையில் பிறக்கிறது. குஞ்சாகக் கடலுக்கு வருகிறது. மூன்று நான்கு வருடம் கடலில் மேய்ந்து பெருக்கிறது. பிறகு, பிறந்த ஆற்றின் தண்ணீர் வாசனையை அடையாளம் கண்டு, அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. ஆற்றுக்குள் நுழையும் முன் முகத்துவாரத்துக்கு வெளியே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து சில நாள் திரிகிறது. தூண்டில்காரருக்கு அதுதான் நல்ல சமயம்.

அன்று மருமகன் ஒரு விவரம் சொன்னார். கடலில் சால்மன் பிடிப்பவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது. தூண்டில் முள்ளில், கவ்விய மீன் நழுவாமல் இருக்கப் பின்னோக்கி ஒரு சிறு கூர் இருக்குமே, அது இருக்கக் கூடாது. வேண்டாத மீனைக் காயமில்லாமல் விடுவதற்காக அந்த ஏற்பாடு. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கிளாமத் முகத்துவாரத்தை ஒட்டிய கடற்பகுதியில் சால்மன் பிடிப்பதே தடை. மீன் ஆற்றுக்குள் போக வழி விடவேண்டும்.

"நல்ல சட்டம்தான். யார் யோசித்தது?" என்று கேட்டேன். அதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு நானே தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த ஆற்றங்கரையில் யூரோக் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெரிய பழங்குடிகளில் அவர்களும் உண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் மொழியில் சால்மனுக்கு நெப்புய் என்று பெயர். உண்ணப்படுவது என்று பொருளாம். நாம் சாப்பாடு என்றால் சோறு என்று எடுத்துக்கொள்வதில்லையா, அதுபோல. அவர்களுக்கும் ஒரு தோணி உண்டு. விழுந்த ரெட்வுட் மரத்தை நெருப்பு வைத்தும் செதுக்கியும் குடைந்து எடுப்பார்கள். தோணியின் உள்ளே ஒரு முண்டு விட்டுச் செதுக்குவார்கள். அதுதான் தோணியின் இதயம். தோணிக்கும் உயிர் உண்டு என்பது அவர்கள் எண்ணம். ஆற்றுக்கு ஒரு வகைத் தோணி, கடலுக்குப் பெரிய தோணி. சுற்றியுள்ள மற்றக் குடிகளும் இவர்களிடம்தான் தோணி வாங்கினார்கள்.

இப்போது நாம் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். யூரோக் மக்கள் இருப்பது ஆற்றின் கடைசிப் பகுதியில். கடலிலிருந்து வரும் மீன் முதலில் இவர்கள் கைக்குத்தான் வரும். மேலே ஹூப்பா, காரூக், அதற்கும் மேலே கிளாமத் குடியினர் என்று வரிசையாக இருக்கிறார்கள். கீழே இருப்பவர் மனம் வைத்தால் ஒரு மீனையும் மேலே விடாமல் பிடித்துவிடலாம். நம் ஊரில் தண்ணீருக்குத் தலைமடை, கடைமடை என்கிறோமே, அங்கே மீனுக்கு அது தலைகீழ். மீன் விஷயத்தில் முகத்துவாரம்தான் தலைமடை.

அதற்கு அவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடுகளைக் கேளுங்கள். வருடத்தின் முதல் சால்மனுக்கு முகத்துவாரத்தில் ஒரு சடங்கு. அது முடியும்வரை அந்த வருடத்து மீனை யாரும் சாப்பிடக் கூடாது. அதற்குள் முதல் கூட்டம் மேலே போய்விடும். ஆற்றில் மீன் பிடிக்கும் ஒவ்வொரு துறைக்கும் உரிமைக்காரர் உண்டு. அந்த உரிமையை விற்கலாம், மகனுக்குக் கொடுக்கலாம், நாலு பேர் பங்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய துறைக்குக் கீழே இன்னொருவர் புதிதாகத் துறை அமைக்கக் கூடாது. அமைத்தால் மேலே இருப்பவருக்குப் போகும் மீனைத் தடுத்ததாக ஆகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது கெப்பெல் என்ற ஊரில் போட்ட மீன்வேலி. ஆற்றுக்குக் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கம்பு நட்டு, கிளைகளால் பின்னி வேலி கட்டுவார்கள். பெரிய வேலை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பத்து நாள் கட்டுவார்கள். பத்து நாள் மீன் பிடிப்பார்கள். பிறகு அவர்களே அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். மீன் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் பிரித்துவிடவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இது நடந்திருக்கிறது. மானிடவியல் அறிஞர் குரோபர் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருந்த ஆற்றுக்கு வெளியார் வந்தார்கள். 1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த சில வருடங்களில் சுரங்கக்காரர்கள் கிளாமத் பள்ளத்தாக்கிலும் நுழைந்தார்கள். கொலைகள் நடந்தன, ஊர்கள் எரிந்தன. 1851 இல் அரசுப் பிரதிநிதி வந்து பழங்குடிகளோடு உடன்படிக்கை எழுதினார். இப்படிக் கலிபோர்னியா முழுவதும் எழுதிய 18 உடன்படிக்கைகளையும் அமெரிக்க செனட் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதோடு விடாமல், அந்தக் காகிதங்களை 1905 வரை வெளியே காட்டாமல் பூட்டி வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட மக்கள் தங்களுக்கு உடன்படிக்கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்தார்கள்.

1855 இல் முகத்துவாரத்திலிருந்து சுமார் 32 கி.மீ. தூரத்துக்கு, ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு மைல் அகலத்துக்கு, யூரோக் மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. அதன்பின் மீன் வியாபாரிகளின் கண் முகத்துவாரத்தில் விழுந்தது. ஆரிகனில் சால்மனை டின்னில் அடைத்துப் பணக்காரரான ஆர். டி. ஹியூம் என்பவர் 1887 இல் கிளாமத்துக்குள் கப்பலை அனுப்பினார். ஒதுக்கப்பட்ட நிலத்தில் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்தார் என்று அவருடைய சரக்கை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தச் சரக்கில் தேயிலையும் இருந்தது. அதனால் அந்த வழக்குக்கு நீதிமன்றப் பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் நாற்பத்தெட்டு பவுண்டு ரைசிங் ஸ்டார் தேயிலை." நான் பொய் சொல்லவில்லை, அதுதான் பெயர். 1888 இல் தீர்ப்பு வந்தது. அது பழங்குடி நிலமாகக் கருதத்தக்கதல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹியூம் ஜெயித்தார். வழக்கின் பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பால், தலைமுறை தலைமுறையாகத் துறை உரிமை வைத்திருந்த ஒரு மக்களின் முகத்துவாரம் கைவிட்டுப் போனது.

டின் ஆலைகள் வந்தன. பத்து நாளில் பிரிக்கும் வேலி அவர்களுடையது அல்ல. மீன் வரும்வரை வலை போட்டார்கள். மீன் குறைந்தது. 1933 இல் மாநில அரசு கிளாமத்தில் வியாபாரத்துக்கு மீன் பிடிப்பதைத் தடை செய்தது. யூரோக் மக்கள் வலை போடுவதும் அதோடு குற்றமாகிவிட்டது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வந்த வெளியூர்க்காரர்களுக்குத் தடை இல்லை. அப்பன் பாட்டன் துறையில் வலை போடுகிற யூரோக் ஆள், தன் ஆற்றிலேயே ராத்திரியில் திருடனைப்போல வரவேண்டியதாயிற்று.

இந்த நிலை மாறியது ஒரு தனி மனிதரால். ரேமண்ட் மாட்ஸ் என்ற யூரோக் மீனவர். 1969 செப்டம்பரில் அதிகாரிகள் அவருடைய ஐந்து செவுள் வலைகளைப் பறித்துக்கொண்டார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வலையைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றத்தில் வாதாடினார். கீழ் நீதிமன்றங்களில் தோற்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1973 இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த நிலம் பழங்குடி நிலம்தான், அது ஒருபோதும் ரத்தாகவில்லை என்று. ஐந்து வலைக்காக நடந்த வழக்கு ஓர் ஆற்றையே திருப்பி வாங்கியது.

அதோடு நிம்மதி வந்துவிடவில்லை. 1978 இல் மீன் குறைந்துவிட்டது என்று சொல்லி மத்திய அரசு ஆற்றில் பழங்குடிகளின் மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. கலவரத் தடுப்பு உடையில் அதிகாரிகள் படகுகளில் முகத்துவாரத்துக்கு வந்தார்கள். ராத்திரியில் விளக்கடித்து வலைகளை இழுத்தார்கள். பெண்களும் வயதானவர்களும் தோணியில் போய் வலையைப் பிடித்துக்கொண்டார்கள். அதே சமயம், முகத்துவாரத்துக்கு வெளியே கடலில், பெரிய படகுகள் அதே சால்மனைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அந்தச் சம்பவங்களை அங்கே சால்மன் போர் என்றே சொல்கிறார்கள். பல வருடங்கள் கழித்து, 1993 இல், பிடிக்கத் தகுந்த மீனில் பாதி கீழாற்றுப் பழங்குடிகளுக்கு உரியது என்று அரசு ஒப்புக்கொண்டது.

பாதி மீன் உரிமை கிடைத்தாயிற்று. ஆனால் எதில் பாதி? மீன் எங்கே?

இங்கேதான் அணைகள் வருகின்றன. 1918 தொடங்கி 1960களின் தொடக்கம் வரை கிளாமத்தின் நடுப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அணைகள் கட்டினார்கள். மின்சாரம் எடுப்பதற்கு. கீழ் அணைகளில் மீன் ஏறிப்போக வழியே வைக்கவில்லை. நூறு வருடமாக மீன் அணைச் சுவர் வரை வந்து திரும்பியது. மேலே இருந்த கிளாமத் குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சால்மனைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடாகிப் பாசி பிடித்தது. அந்தச் சூட்டுத் தண்ணீர்தான் கீழே வந்தது.

2001 இல் கடும் வறட்சி. மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று மேல் கிளாமத் பகுதி விவசாயிகளுக்குப் பாசனத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி வாய்க்காலில் ஊற்றிப் போராட்டம் நடத்தினார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த விவசாயிகள்மேல் கோபம் வரவில்லை. நட்ட பயிர் கண்முன் காய்வதை என் அப்பா வரப்பில் நின்று பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து தண்ணீர் எப்போது வரும் என்று ரேடியோ செய்திக்குக் காத்திருந்த வீடு எங்கள் வீடு.

அடுத்த வருடம், 2002 இல், விவசாயத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்து சூடேறியது. செப்டம்பரில் சால்மன் கூட்டம் ஆற்றுக்குள் நுழைந்தது. நெருக்கமும் சூடும் சேர்ந்து செவுள் அழுகும் நோய் பரவியது. சில நாட்களில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. அரசுத் துறையின் கணக்கே அவ்வளவு. அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. முட்டையிடப் போய்க்கொண்டிருந்த மீன்கள் அவை. முகத்துவாரத்திலிருந்து பல மைல் தூரத்துக்குக் கரையெல்லாம் செத்த மீன்.

வலைக்காகப் போராடிய மக்கள் அதன்பின் மீனின் வழிக்காகப் போராடத் தொடங்கினார்கள். அணைகளை எடுக்கவேண்டும் என்றார்கள். அப்போது அந்த அணைகளின் உரிமையாளர் ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்று. 2004 இல் யூரோக், காரூக், ஹூப்பா, கிளாமத் மக்களின் பிரதிநிதிகள் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கே போனார்கள். பங்குதாரர்கள் கூட்டம் நடக்கும் இடத்தில் நின்று தங்கள் ஆற்றின் கதையைச் சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சால்மன் என்றால் தெரியும், அதனால் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு கம்பெனி கை மாறியது. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், ஒப்பந்த முறிவு, மறுபடி ஒப்பந்தம் என்று இருபது வருடம் ஓடியது. இடையில் 2019 இல் யூரோக் ஆட்சிக்குழு கிளாமத் ஆற்றுக்கு ஒரு மனிதருக்கு உரிய சட்ட உரிமைகள் உண்டு என்று தீர்மானம் போட்டது. 2022 நவம்பரில் அணைகளை எடுக்க இறுதி அனுமதி கிடைத்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எடுக்கப்பட்ட நான்கும் மின்சார அணைகள். பாசனத்துக்குத் தண்ணீர் கொடுத்தவை அல்ல. மீன்வழி அமைத்துப் புதுப்பிக்க ஆகும் செலவைவிட எடுத்துவிடுவது கட்டுப்படியானது என்று கம்பெனியும் கணக்குப் போட்டது. மேலே பாசனப் பகுதியை ஒட்டி இருக்கும் இரண்டு சிறிய அணைகளை எடுக்கவில்லை, அவை இன்னும் இருக்கின்றன. விவசாயிக்கும் மீனுக்கும் தண்ணீர் பங்கிடும் சிக்கலும் முழுதாகத் தீரவில்லை.

2023 இல் முதல் அணையை எடுத்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று நான்காவது அணையின் வேலையும் முடிந்தது. அமெரிக்க வரலாற்றில் இதுவரை நடந்த அணை அகற்றலில் இதுதான் பெரியது. அதற்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 16 அன்று, எடுக்கப்பட்ட நான்கு அணைகளுக்கும் மேலே, ஆரிகன் மாநிலத்துக்குள் ஒரு துணையாற்றில் சால்மன் மீன்களைப் பார்த்தார்கள். 1912 க்குப் பிறகு அந்தப் பக்கம் சால்மன் வந்தது அதுதான் முதல் தடவை. யோசித்துப் பாருங்கள். அந்த மீனோ, அதன் தாயோ, பாட்டியோ அந்த இடத்தைப் பார்த்தது இல்லை. யாரும் அதற்கு வழி சொல்லித் தரவில்லை. சுவரை எடுத்தார்கள், அது போய்விட்டது.

இப்போது கயாக்குக்குத் திரும்பி வருகிறேன். 2025 ஜூன் 12 அன்று, இந்த ஆற்றுக் குடிகளைச் சேர்ந்த பிள்ளைகள், பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள், ஆற்றின் மேலே ஓர் ஊற்றுக் கண்ணிலிருந்து கயாக்கில் புறப்பட்டார்கள். இதற்கென்றே சில வருடம் பயிற்சி எடுத்தவர்கள். துணையாறு, ஏரி, ஆறு என்று சுமார் 500 கி.மீ. தூரம். அணைகள் இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது. அதன் வழியாகவே துடுப்புப் போட்டு வந்தார்கள். முப்பது நாள் கழித்து, ஜூலை 11 அன்று, கிளாமத் முகத்துவாரத்தில் வந்து சேர்ந்தார்கள். மணல் திட்டில் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் காத்திருந்தார்கள். அலூட் வேட்டைக்காரர்களை இழுத்து வந்து நீர்நாயை அழிக்கப் பயன்படுத்திய அதே படகு வடிவத்தில், 219 வருடம் கழித்து, அந்த மண்ணின் பிள்ளைகள் ஆற்றைக் கடல் வரை பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தக் காணொளியை நான் மூன்று தடவை பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மீன் இன்னும் குறைவுதான். 2023, 2024 இரண்டு வருடமும் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிக்கவே முழுத் தடை. மருமகனின் கயாக் கொட்டகையிலேயே தொங்கியது. "வருத்தமா மாப்பிள்ளை?" என்று போனில் கேட்டேன். "இல்லை அத்தை. இப்போ விட்டாத்தானே பிறகு இருக்கும்" என்றார். கெப்பெலில் பத்தாம் நாள் வேலியைப் பிரித்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் தவறு.

நான் 34 வருடம் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்தேன். சமூக அறிவியலில் "அணைகளின் பயன்கள்" என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். ஐந்து மதிப்பெண். கரும்பலகையில் ஐந்து குறிப்பு எழுதிப் போடுவேன். பாசனம், குடிநீர், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, மீன் வளர்ப்பு. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். முழு மதிப்பெண் போடுவேன். ஐந்தாவதாக மீன் வளர்ப்பு என்று எழுதும்போது ஒரு தடவைகூட என் கை நின்றதில்லை. அணை எந்த மீனை வளர்க்கிறது, எந்த மீனை நிறுத்துகிறது என்று நான் கேட்டதே இல்லை.

கேட்டிருக்கவேண்டியவள் நான். எங்கள் பக்கம் உல்லம் என்றொரு மீன் உண்டு. வங்காளிகள் ஹில்சா என்று கொண்டாடுகிறார்களே, அதேதான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிற மீன். சால்மனைப் போல முட்டையிட்டதும் சாவதில்லை, ஆனால் எதிர்நீச்சல் போடும் குணம் அதே. ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகவும் காவிரி வழியாகவும் உள்நாடு வரை ஏறியது. 1836 இல் கொள்ளிடத்தில் கீழணை வந்தது. 1934 இல் மேட்டூர் அணை வந்தது. அதன்பின் காவிரியில் உல்லம் பிடிப்பு அடியோடு சரிந்தது. என் பாட்டி உல்லத்தைப் பற்றிப் பேசுவார். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம் என்பார். கடையில் வாங்கிய மீனைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். எங்கள் ஆற்று மீனைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

மேட்டூர் அணையை எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் சொந்தக்காரர்களே என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள் நான். கிளாமத் வேறு, காவிரி வேறு. ஆனால் எதைப் பெற்றோம் என்று ஐந்து குறிப்பு எழுதச் சொன்ன நான், எதைக் கொடுத்தோம் என்று ஒரு குறிப்பாவது எழுதச் சொல்லியிருக்கவேண்டும். ரெக்வாவில் இருக்கும் ஒரு யூரோக் குழந்தைக்குத் தன் ஆற்றில் என்ன மீன் ஏறியது என்று தெரியும். நூறு வருடம் மீன் வராதபோதும் மேலே இருந்த கிளாமத் குழந்தைக்கும் தெரியும், வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லிக்கொண்டிருந்ததால்தான் கேட்க முடிந்தது. என்னிடம் படித்த கொள்ளிடக் கரைப் பிள்ளைகளுக்கு உல்லம் ஆற்றில் ஏறிய கதை தெரியாது. நான் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறீர்கள் என்றால், ஐந்து குறிப்பையும் எழுதிப் போடுங்கள், பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அணை வருவதற்கு முன்னால் இந்த ஆற்றில் என்ன மீன் இருந்தது என்று வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கொள்ளிடம், காவிரிக் கரை ஊர்களில் உல்லம் பிடித்ததைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் துறை, எந்த மாதம், என்ன வலை என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.